சித்திரையில் குளிர்

சித்திரை மாதத்தில் அம்மாவுக்குக் குளிரத் தொடங்கியது. எங்கள் ஊரில் அப்போது வீட்டுச் சுவரே சுடும். அவரோ நைலான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினார்.

"என்னக்கா, கொடைக்கானலுக்கா கெளம்பிட்டீக?" என்று வேனில் சிரித்தார்களாம்.

கம்பெனி வாசலில் ஃபோர்மேன் சிரிக்கவில்லை. நைலான் உரசினால் பொறி தெறிக்கும். வெடிமருந்து செலுத்தும் அறைக்குப் பருத்தி மட்டுமே ஆகும். சால்வையை வாங்கி வைத்தவர், அம்மாவின் விரல்கள் விறைத்திருப்பதையும் கண்டார்.

"உடம்பச் சரி பண்ணிட்டு வாங்கக்கா. ஆடியில ஆர்டர் குவியும். அதுக்கு மேல ஒங்க எடத்த வச்சிருக்க முடியாது."

விருதுநகரில் மருத்துவர் அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவில் ஓர் எண் மிக உயர்ந்திருந்தது. அது கழுத்திலுள்ள தைராய்டின் சுரப்பு அன்று. 'இன்னும் சுரந்து கொடு' என்று தைராய்டுக்குப் பிட்யூட்டரி விடுக்கும் ஆணை. மூளைக்கு அடியில், பட்டாணி அளவே உள்ள சுரப்பி பிட்யூட்டரி. தைராய்டு சுரப்பது குறைந்தால் ஆணை ஓங்கும், நிறைந்தால் அடங்கும். உடலின் சூடு, நெஞ்சின் துடிப்பு, விரலின் வேகம் எல்லாம் அந்தச் சுரப்பின் இம்மியளவால் நடக்கின்றன. இலக்கியத்தில் நான் வியந்த சொற்சிக்கனம் எதுவும் இதற்கு ஈடாகத் தோன்றவில்லை. தளர்ந்த ஓர் உறுப்பை நோக்கி, யாரும் அறியாமல், அம்மாவுக்குள் ஒன்று விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாத்திரை தொடங்கி வாரங்கள் கடந்தும் அந்த எண் இறங்கவில்லை. ஆனி பிறந்துவிட்டது.

"வெறும் வயித்துலதான போடுறீங்க?" என்றார் மருத்துவர்.

"ஆமாம்மா. ஒரு பருக்க உள்ள போறதில்ல. டீயிலதான் முழுங்குறேன்."

"டீயிலயா?"

"டீ என்னைக்கும்மா சாப்பாடாச்சு?"

மருத்துவர் சிரித்துவிட்டார். விடியுமுன் வேன் பிடிப்பவர்கள் எங்கள் பக்கத்தில் டீயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. டீயோடு போனால் மாத்திரை உடலில் சரிவரச் சேராதாம். மறுநாள் முதல் அம்மா தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் அடுப்படிப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். குளிரைவிட அதுவே அவருக்குப் பெரிய தண்டனை.

ஆடி நெருங்கிய ஒரு மதியம் அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "எம்புட்டு வெக்க! ஃபேனக் கூட்டி வையி, பிள்ள."

நான் எழுந்து கூட்டி வைத்தேன்.

ஆடி பிறக்குமுன் அவர் பருத்திச் சேலையில் வேலைக்குத் திரும்பினார். வாசலில் ஃபோர்மேன் சால்வையை நீட்டினாராம்.

"வீட்டுக்குப் போகையில குடுங்க. இப்பவே வேகுது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனாராம் அம்மா.