ஏரல் பேருந்தில் வைத்த யானை

ஒரு சிறுமிக்குத் திருடி என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான். முழு உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான், வாய் திறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். மிஞ்சும் துண்டுத் துணிகளில் யானை, கிளி, முயல் என்று பொம்மைகள் செய்வேன். வெளியூர் போகும்போது அவற்றைப் பேருந்து இருக்கையிலோ நிழற்குடையிலோ வைத்துவிட்டு வருவேன். கண்டெடுப்பவர் யாரோ, அவருக்கு! பிள்ளையில்லாத ஏக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்; எனக்கு வளர்ந்த மகன்கள் இருக்கிறார்கள். அழகாகச் செய்ய வருகிறது, செய்கிறேன். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சுகத்தை உங்களிடம் மறைக்கக் கூடாது. வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து, எடுப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகம் மலரும்போது 'நான்தான் செய்தேன்' என்று சொல்லாமல் இருப்பதில் எத்தனை கர்வம் தெரியுமா?

அன்று ஏரலிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காக்கி உடம்பும் ஊதாக் காதுமாக ஒரு யானையை முன்னிருக்கையில் வைத்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஒருத்தி மகளோடு ஏறி அங்கே அமர்ந்தாள். வயல்வேலை முடித்து வருபவள். கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது. சிறுமி யானையை எடுத்து அதன் காதைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள். நான் பூரித்துப்போனேன்...

அடுத்த இருக்கையில் ஒரு குழந்தை அது வேண்டுமென்று வீறிட்டது. பட்டுச்சேலை கட்டிய அதன் தாய் திரும்பினாள்.

"ஏட்டி, அது எம்பிள்ளை பொம்மைல்லா! பையிலேருந்து விழுந்ததை எடுத்து வச்சிக்கிட்டியா?"

பொய்! துணிந்த பொய்!

"இல்லக்கா, சீட்டுலதான் கெடந்துச்சு" என்றாள் சேற்றுக்கால்காரி.

நடத்துநர் வந்தார். இருவர் சேலையையும் பார்த்தார். தீர்ப்புக்கு அது போதுமாயிருந்தது. "குடுத்துரும்மா. பிள்ளைக்கு இப்பமே களவு பழக்காத."

யாரோ சிரித்தார்கள்.

'நான் தைத்தது, நான் வைத்தது...' தொண்டைவரை வந்தது. சொன்னால்? எதற்கு வைத்தாய் என்பார்கள். பைத்தியமோ என்று பார்ப்பார்கள். என் ரகசியம் அன்றோடு முடியும். என் விளையாட்டைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தியின் மானத்தை விட்டுக்கொடுத்தேன். வேறென்ன பெயர் இதற்கு?

சேற்றுக்கால்காரி மகளிடமிருந்து யானையைப் பிடுங்கிக் கொடுத்தாள். மகளின் முதுகில் ஓங்கி ஓர் அறை. "அடுத்தவுக சாமானைத் தொடுவியா? தொடுவியா?" அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் நடக்கத் தொடங்கினாள்.

பல மாதங்கள் கழித்து, ஏரல் பேருந்து நிலையத்தில் அந்தத் தாயையும் மகளையும் கண்டேன். பையிலிருந்த கிளியை எடுத்து நீட்டினேன். "இந்தா பாப்பா, உனக்குத்தான்."

சிறுமி சட்டென்று இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வாங்க மாட்டாக்கா" என்று தாய் சிரித்தாள். "முன்ன ஒருக்கா பஸ்ஸுல யார் பொம்மையையோ எடுத்துட்டா. அன்னைக்கு வச்சேன் ஒண்ணு. பொறவு ஒரு சாமானைத் தொட மாட்டா. நல்லாத் திருத்திட்டேன்."

அவள் குரலில் இருந்தது பெருமை! பெற்றவளே நம்பிவிட்டாள்...

இம்முறை சொன்னேன். "உன் மக களவாங்கலம்மா. அந்த யானை என்னுது. எடுக்கிறவங்களுக்குன்னு நான்தான் வச்சேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்போ நீங்க பஸ்ஸுலதான் இருந்தியளா?"

"இருந்தேன்."

"நான் அடிக்கும்போதும்?"

ஆமென்று தலையசைத்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்! மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புறப்படவிருந்த பேருந்தை நோக்கி நடந்தாள்.

நான் இன்றும் பொம்மைகளை வைத்துவிட்டு வருகிறேன், நிறுத்தப்போவதில்லை. அந்தக் காரியத்தில் குற்றமில்லை, குற்றம் என்னுடையது. உங்களிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள் இல்லையே!

அன்று பேருந்துப் படியேறும்போது அந்தச் சிறுமி தாயிடம் கேட்டது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

"அப்போ நான் களவாங்கலையாம்மா?"

தாய் சொன்னது எனக்குக் கேட்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.