தேனீக்குப் பொரிகடலை மாவு

தேனீ வளர்க்கிறவன் தேன் எடுப்பது கொஞ்ச நாள்தான். மற்ற நாளெல்லாம் அவன் தேனீக்களின் சமையல்காரன். பெட்டி வைத்துப் பாடுபட்ட உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளில் தேனீக்களுக்கு நோய் வந்து போனபின் ஆழ்வார்குறிச்சியில் எனக்கு மிஞ்சியது ஆறே பெட்டி. அந்த வருஷத்து ஆடிக் காற்றில் பூவெல்லாம் கொட்டிப்போனது. மகரந்தம் இல்லாமல் புழு வளராது. ராணி முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டது. இப்படியே போனால் கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிடும்.

மளிகைக் கடையில்

மகரந்தத்துக்குப் பதிலாகப் பொரிகடலை மாவும் பால் பவுடரும் சீனிப்பாகில் பிசைந்து வைக்கலாம் என்று கேள்விப்பட்டு, கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணாச்சி வீட்டில் கைக்குழந்தையா என்று அன்போடு விசாரித்தார். தேனீக்கு என்றேன். பொட்டலம் மடித்த கை அப்படியே நின்றது.

"மாட்டுக்குக் கேட்டு வருவாக, கோழிக்குக் கேட்டு வருவாக. பூச்சிக்குப் பால் பவுடர் கேட்டு இன்னைக்குத்தான் வே ஒரு ஆளப் பாக்கேன்."

வீட்டில்

பிசைந்து தரும்படி மனைவியிடம் கொடுத்தது என் புத்தி. மாவுருண்டை என்றால் நெய்யும் ஏலக்காயும் இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. எனக்குத் தெரியாமல் இரண்டையும் தாராளமாகச் சேர்த்துவிட்டாள். தேனீக்கள் முகர்ந்து பார்த்தன, துணுக்குத் துணுக்காகக் கடித்து வாசலுக்கு வெளியே தள்ளின. எறும்புகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவளுக்குக் கோபம் மட்டும்தான்.

"உங்க அக்கா நாலு உருண்டை கேட்டு வாங்கித் தின்னுட்டுப் போனாக. இதுகளுக்கு என்ன கொறச்சலாம்?"

மாவு மில்லில்

மறுநாள் மாவு மில்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். என் பூச்சிகள் மில்லுக்குள் புகுந்துவிட்டனவாம். பெண்கள் மாவுத் தூக்கோடு தெருவில் நிற்கிறார்களாம். ஓடிப் பார்த்தேன். பொரிகடலை அரைத்த இயந்திரத்தின் அடியில் சிந்திய மாவில் தேனீக்கள் புரண்டு, பின்னங்கால்களில் வெள்ளை வெள்ளையாக உருட்டிச் சுமந்து பறந்துகொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் கைகொட்டிச் சிரித்தேன்.

நாலு நாள் கழித்து, சண்டைக்கு மறுபடியும் வந்தவரைப் பெட்டியருகே இழுத்துப் போய் தேனடையைத் தூக்கிக் காட்டினேன். அறைக்குள் வெள்ளை மாவு. பக்கத்து அறைகளில் ராணி புதிதாக இட்ட முட்டைகள். நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். அவர் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஆட்டத்தைப் பெறவு ஆடும் வே. எத்தனை மணிக்கு வருவாகன்னு சொல்லும், அதுக்குத் தோதா கடலையப் போட்டு அரைக்கேன்."

ஆறு பெட்டியும் பிழைத்தன, ஆனால் என் வீட்டுப் பக்குவம் அத்தனையையும் தள்ளிவிட்டு மில் தரையில் சிந்திய மாவைத்தான் அவை சாப்பாடு என்று ஒப்புக்கொண்டன.