மாலையைத் தூக்கிப் பிடித்த கை

கம்ப்யூட்டரில் வெறும் மவுஸை வைத்துப் படம் திருத்திய காலத்தில் என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது: "அது முடியாதும்மா." கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைக்கச் சொல்வார்கள், பெண்ணின் மூக்கைச் சின்னதாக்கச் சொல்வார்கள். மவுஸைத் தூக்கிக் காட்டுவேன். சோப்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு கோலம் போட்டால் எப்படி வரும்? அவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் முதலாளி ஒரு பென் டேப்லெட் வாங்கிவந்தார். சிலேட்டு போல ஒரு கறுப்புத் தகடு, மேலே மையில்லாத ஒரு பேனா. தகட்டில் கை எங்கே போகிறதோ, திரையில் அங்கே தூரிகை போகும். அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாகத் தொட்டால் மெலியும். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி, "இனிமே நம்ம பையன்ட்ட முடியாதுங்கிற பேச்சே கெடையாது" என்றார். என் பதில் அன்றோடு போயிற்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா, "எம் மகன் பேனா பிடிச்சு வேலை பாக்குறான்" என்று டீக்கடையில் சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பேனா எங்கெல்லாம் போகிறது என்று அவருக்குத் தெரியாது. முகத்தைப் பெரிதாக்கினால் வியர்வையில் ஊறிய பவுடர், பழுத்த பரு, பல்லிடுக்கில் வெற்றிலைக் கறை. மவுஸில் இதெல்லாம் வெறும் படம்தான். பேனா வந்த பிறகு, முன்பின் தெரியாத ஆளின் கன்னத்தை நானே கையால் தடவுவது போல இருந்தது. மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். முதலாளி பார்த்துச் சிரிப்பார்.

ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன் இரு வீட்டாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்வது வழக்கம். ஒருநாள் சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அம்மா, மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருத்தம் முழுக்க மாமியார்தான் சொன்னார்.

"பிள்ளை முகத்த இன்னுங்கொஞ்சம் வெளுப்பாக்கு, அப்பு. இன்னும். ஆங், இப்பத்தான் லெட்சுமிகரமா இருக்கு."

மருமகள் பக்கத்திலேயே இருந்தாள். தன் முகம் சுண்ணாம்படித்த சுவராவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டும் படம் வந்தது. அதிலும் முதலில் பெண்ணின் முகத்தை வெளுக்கவைத்தார். மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். பெண்ணுக்குப் பின்னால், வெளிறிய சேலையில் ஓர் அம்மா குனிந்து நிற்கிறார். மாலையோடு பின்னலும் சிக்கியிருக்க, இரண்டையும் சேர்த்து ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அது யாரும்மா?" என்றேன்.

"சம்பந்தியம்மா." மாமியார் குரலைத் தாழ்த்தினார். "அவுக வீட்டுக்காரர் தவறிட்டாரு. இந்த நேரத்துல இவுக மணவறைக்கு வரலாமா? மாலையத் தூக்க வேண்டிய எம் மக வெளக்கப் பிடிச்சிட்டு நின்னா, அந்தச் சாக்குல வந்துட்டாக. அவுகள மட்டும் எடுத்துரு."

மருமகளைப் பார்த்தேன். அவள் தாலிச்சரட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். "அது முடியாதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். முன்பக்கத்திலிருந்து முதலாளி, "பேனால ஒரே இழுப்பு, அம்புட்டுத்தான்" என்று கத்தினார்.

பேனா வழுக்கிக்கொண்டு போனது. சேலை போயிற்று. தோள் போயிற்று. மகள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தின் மேல் மணவறையின் பூச்சரம் ஏறியது. ஒட்டுப்போட்ட அடையாளம் கொஞ்சங்கூடத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியில் கை மட்டும் மிஞ்சியது.

"கைய எடுத்தா மாலை அந்தரத்துல நிக்கும்மா."

"கை இருக்கட்டும். எம் மக கைன்னு சொல்லிக்கிருவோம்." கண்ணாடியை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தார். "மொட்டையா இருக்கே. நாலு வளையல் போட்டு விட்டுரப்பு."

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தேன். மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"செகப்பு வளையலா போடுங்கண்ணே. எங்கம்மாவுக்குச் செகப்புதான் பிடிக்கும். எங்கப்பா இருந்தப்ப கை நெறையாப் போட்டிருக்கும்."

மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. "ச்சீ, என்ன பேச்சு இது! வளையலெல்லாம் வேணாம்."

"அப்ப மொட்டைக் கை மட்டும் நிக்கட்டுமா, அத்தை? ஆள் இல்லாத கை தாலி கட்டுற எடத்துல நின்னா பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

மாமியார் நாற்காலியைத் திரையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெறும் கையைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். "சரி, பழையபடி வச்சுத் தொலை" என்றார்.

பேனாவின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்க அமுக்க, செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகும். பூச்சரம் விலகி முகம் வந்தது. தோள் வந்தது. சேலை வந்தது. கை மறுபடி ஓர் அம்மாவின் கையானது. மருமகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நானும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மாமியார் விரலைத் திரையில் வைத்து, மகள் முகத்தையும் தாய் முகத்தையும் மாறி மாறித் தொட்டார்.

"இதென்ன, மக வெள்ளைக்காரி கணக்கா இருக்கா, ஆத்தா இந்தக் கருப்புல நிக்கிறாக? வெளுப்பாக்குனது தெரிஞ்சிருமே. அவுகளையும் செத்த வெளுப்பாக்கி விட்டுரு, அப்பு."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பிலா, வேறெதிலா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பொத்தான இன்னுங்கொஞ்சம் அமுக்குனா மகளும் கருப்பாயிருவாங்கம்மா. ரெண்டு பேரும் சரியா இருப்பாங்க" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். நான் பேனாவைத் தகட்டின் மேல் வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தும், கை கழுவ எழுந்து போனேன்.