குரூப்பில் வந்த ரோஜாப்பூ

1. ஆறாவது நாற்காலி

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. டீன் அறைக்கு வெளியே ஆறு நாற்காலிகள் போட்டிருந்தோம். ஐந்தில் ஆள் இருந்தது. ஐந்து பேரும் எங்கள் பண்ணையில் பல வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்த்த உதவியாளர்கள். அன்று ஒரிஜினல் சான்றிதழ்களைக் கமிட்டி முன்னால் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். ஆறாவது நாற்காலிக்கு உரியவர் பழனியம்மாள். ஆட்டுப் பட்டியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். அவர் வரவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த துணைப் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னொருத்தர் எங்கம்மா? தகவல் சொன்னீங்களா இல்லியா?”

“வெள்ளிக்கிழமையே குரூப்ல போட்டாச்சு சார். எல்லாரும் பாத்துட்டாங்க.”

“அப்ப விருப்பமில்லன்னு எழுதிரலாமா? நாலு மணிக்கு நான் ஃபைலோட கிளம்பணும்.”

‘வராதவர்கள் விருப்பமில்லாதவர்களாகக் கருதப்படுவர்’ என்ற வரியை அறிவிப்பில் டைப் செய்ததே நான்தான். அடுத்த பட்டியல் எப்போது வரும், வருமா என்பதே யாருக்கும் தெரியாது. பழனியம்மாளுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. குரூப்பில் அவர் அறிவிப்பைப் பார்த்தாரா என்று தேடினேன். குரூப்பில் அவர் பெயரே இல்லை. எப்படி இருக்கும்? மூன்று மாதத்துக்கு முன்னால் நானே அல்லவா அவரை எடுத்துவிட்டேன். ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தேன்.

2. நோட்டும் கட்டைவிரலும்

நான் வேலை பார்த்தது ஒரு ‘ஸ்கூலில்’. ஸ்கூல் என்றதும் பிள்ளைகள் படிக்கிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் நாலைந்து துறைகளைச் சேர்த்து ‘ஸ்கூல்’ என்பார்கள். அதற்கு ஒரு டீன், ஓர் அலுவலகம். நான் நாமக்கல் பக்கம் வேளாண் ஸ்கூல் ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பேராசிரியர் முதல் பண்ணை ஆள் வரை எல்லோருக்கும் போகிற அறிவிப்புகளைத் தயாரித்து அனுப்புவது என் சீட்டின் வேலை.

ஆரம்பத்தில் சர்க்குலர் நோட்டு இருந்தது. அலுவலக உதவியாளர் அதை சைக்கிளில் வைத்துக்கொண்டு துறை துறையாகப் போவார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சுற்று முடிய இரண்டு நாள் ஆகும். யார் கையெழுத்துப் போடவில்லை என்று நோட்டைத் திறந்தாலே தெரியும்.

நான் கண்காணிப்பாளர் ஆனதும் முதல் வேலையாக அந்த நோட்டை நிறுத்தினேன். வாட்ஸப் குரூப் தொடங்கி, “இனி ஆபீஸ் தகவல் எல்லாம் இதில் மட்டுமே” என்று ஓர் உத்தரவும் போட்டேன். அறிவிப்பு போன நிமிடமே, பார்த்தாச்சு என்று கட்டைவிரல் படங்களாக வந்து விழும். டீன் மீட்டிங்கில் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பழனியம்மாள் தினமும் விடிந்ததும் குரூப்பில் ஒரு ரோஜாப்பூப் படம் போடுவார். ‘இனிய காலை வணக்கம்’ என்று அதன் மேல் எழுதியிருக்கும். ஒரு பேராசிரியர் மீட்டிங்கில் எழுந்து, “நோட்டீஸைத் தேடுனா பூந்தோட்டந்தான் வருது மேடம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே குரூப்பில் பழனியம்மாளின் பெயரை அழுத்தி, ‘நீக்கு’ என்பதையும் அழுத்தினேன். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈயை விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டு மறந்தும் போனேன்.

3. பட்டியில்

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் போனேன். வளாகத்தின் கடைசியில், அலுவலகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். மற்ற ஐந்து பேரும் மாட்டுப் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் இருப்பவர்கள். இந்த அம்மாளும் பார்த்திருப்பார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பட்டியைக் கவனிக்கும் கால்நடை டாக்டர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். ஆக, சொல்ல ஆளில்லை.

பழனியம்மாள் மேச்சேரி இன ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிடித்திருந்த ஆட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னைக்குங்களா மேடம்? எனக்குத் தெரியாதுங்களே.”

“குரூப்ல உங்க பேரு இல்லன்னு ஏன் கேக்கல?”

“நான் ஏதோ தப்புப் பண்ணிப்போட்டேன்னு நெனச்சனுங்க. கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க.”

“தினமும் எதுக்கு அந்தப் பூவைப் போட்டீங்க?”

“காலைல ஆடு எண்ணி முடிச்சதும் போடுவனுங்க. எல்லாம் சரியா இருந்தா பூ. கொறஞ்சா போன் பண்ணிருவேன். எனக்கு போன்ல எழுத வராதுங்க. டாக்டர் சாரு பூவப் பாத்தாருன்னா கணக்குச் சரின்னு தெரிஞ்சுக்குவாரு.”

“அதை அவருக்கு மட்டும் அனுப்பியிருக்கலாமே?”

“ஆபீஸ் தகவல் எல்லாம் இனி குரூப்புலதான்னு நீங்கதானுங்க மேடம் சொன்னீங்க!”

என் உத்தரவை அந்த ஸ்கூலிலேயே எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஒரே ஆளை நான் நீக்கியிருக்கிறேன்.

“சரி, வாங்க போலாம். சர்டிபிகேட் எங்க?”

“எருமப்பட்டில, ஊட்டுலதானுங்க. ஆனா பாதி ஆட்டுக்கு மருந்து ஊத்தியாச்சு. இப்படியே உட்டுட்டு வந்தா எதுக்கு ஊத்துனோம், எதுக்கு ஊத்தலைன்னு தெரியாதுங்க. ரெண்டு தடவ ஊத்துனா குட்டி தாங்காது. முடிச்சுப்போட்டு வாரனுங்க.”

நிரந்தர வேலை நாலு மணிக்குப் போய்விடும் என்கிறேன், இந்த அம்மாள் குட்டி தாங்காது என்கிறார். சண்டை போட நேரமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருந்து ஊற்றின ஆட்டின் முதுகில் கலர் சாக்கட்டியால் கோடு போடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றேகால் மணி நேரம். ஒரு கிடா என் காலை மிதித்தது. மிதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவரைப் பின்னால் உட்கார வைத்து எருமப்பட்டிக்குப் போனேன். பெட்டியடியில் இருந்த எட்டாம் வகுப்பு டி.சி.யைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம். திரும்பி வந்தபோது மணி மூன்றரை.

4. எழுத்தில் கொடுங்கள்

அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதியாகிவிட்டது.

“லிஸ்ட் முடிச்சாச்சும்மா. தகவல் போச்சு, அவங்க வரல. நான் என்ன பண்றது?” என்றார் துணைப் பதிவாளர்.

“தகவல் போகல சார். தப்பு ஆபீஸ் மேலதான்.”

“அத எழுத்துல குடுங்க. அப்பத்தான் நான் திருத்த முடியும்.”

டீன் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நெட்வொர்க் பிரச்சினைன்னு எழுதிருங்க மேடம். ரிட்டயர்மெண்டுக்கு ஆறு மாசந்தானே இருக்கு” என்றார். ஆசை இல்லாமல் இல்லை. முப்பது வருடத்தில் என் மேல் ஒரு மெமோ கிடையாது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. வெளியே பழனியம்மாள் ஆட்டு வாடையோடு, கவரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. தப்பு தன்னுடையது என்றே இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

‘இவரை அறிவிப்புக் குழுவிலிருந்து நான் நீக்கினேன். இவருக்குத் தெரிவிக்கவில்லை. அதனால் அறிவிப்பு இவருக்குச் சேரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிவப்பு மையில் எழுதியது அடிக்கப்பட்டது. நாலு மணிக்குக் கிளம்பிய ஃபைலில் ஆறு பேர் இருந்தார்கள்.

எனக்கு மெமோ வந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை குரூப்பில் போட்ட அறிவிப்பில் முதல் செய்தியாக, பேராசிரியர்களின் விருதுகளுக்கும் மேலே, என் தவறை ஒப்புக்கொண்டு ஒரு திருத்தம் போட்டேன். அன்று ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. எல்லோரும் படித்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து சர்க்குலர் நோட்டு மறுபடியும் சுற்றுக்குப் போனது.

இப்போது அந்த மாதிரி சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அனுப்பிவிட்டேன் என்பது நம் வேலையில் பாதிதான். யாருக்குச் சேரவில்லை என்று தேடிப் போவது மீதி.

பழனியம்மாளை அன்று மாலையே குரூப்பில் சேர்த்தேன். “மறுபடியும் பூப் போட்டா எடுத்துருவீங்களா மேடம்?” என்று கேட்டார். போடுங்கள் என்றேன். மறுநாள் விடிந்ததும் எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குச் சற்று முன்னால் ரோஜாப்பூ வந்தது. ஆடுகள் எல்லாம் இருக்கின்றன. முதல் கட்டைவிரல் என்னுடையது.