ஆறின பணியாரத்தில் ஆவி

நெடுந்தீவில் எங்கள் வளவுக் கல்மதிலில் பனங்காய்ப் பணியாரத் தட்டை வைத்துப் படமெடுத்தேன். காலை வெயிலில் பணியாரத்தைச் சுற்றி வெண்மூட்டம் மிதந்தது. கடலே எழும்பிவந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. முகநூலில் போட்டுவிட்டு, விழுந்த லைக்குகளில் மயங்கி நின்றேன்.

கனடாவிலிருந்து தங்கச்சி அழைத்தாள்.

"அக்கா, பணியாரம் எப்ப சுட்டனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம்."

"ஆறின பணியாரத்தில என்னெண்டு ஆவி பறக்கும்? அது புகை! ஓடிப்போய்க் குசினியைப் பாருங்கோ!"

ஓடினேன். தேத்தண்ணிக்கு மூட்டிய அடுப்பிலிருந்து பொறி பறந்து, குசினிக் கூரை ஓலை புகைந்துகொண்டிருந்தது. ஓலை ஈரமாக இருந்தபடியால் இரண்டு வாளித் தண்ணீரோடு தப்பினோம்.

அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. இப்போதும் பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. அந்த வடிவில் திரும்பவும் ஏமாந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் இப்போதெல்லாம் அடுப்பை நூர்த்துவிட்டே போனைத் தொடுகிறேன்.