மீசையைக் காப்பாற்றிய எரிமலை

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், இரண்டாம் முறை பாயசம் வாங்கிய தெம்பில், வன்னியம்பட்டிப் பக்கத்து மொட்டைக் குன்று அணைந்துபோன எரிமலை என்று அடித்துவிட்டேன். கைப்பேசியில் எங்கோ பார்த்த எரிமலைக்கும் அதே சாயல்; அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

பக்கத்து இலையில் மனைவியின் அண்ணன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நெசமாவா மாப்ளே?"

"இல்லேன்னா மீசையை எடுத்துருதேன் மச்சான்."

பந்தியே கேட்டது. எனக்கென்று இருக்கும் ஒரே கம்பீரம் அந்த மீசைதான். அதன் அடியில் இருக்கும் உதட்டைப் பார்த்தவள் என் மனைவி மட்டுமே. அவளும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன ஞாயிறு சோதனைக்குக் கிளம்பினோம். மச்சான் தேவதானத்தில் இருந்து வந்து சேர, ராஜபாளையத்தில் காலை 6.10 பஸ். டிக்கெட் பதினைந்து ரூபாய். இருபது நிமிடத்தில் வன்னியம்பட்டி விலக்கு. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை, பிறகு முப்பத்தைந்து நிமிட ஏற்றம். மச்சானுக்கு இருபது நிமிடம்.

உச்சியில் ஒரு வட்டப் பள்ளம்! பள்ளத்தைச் சுற்றிப் பாதையோரமெல்லாம் உருகி இறுகிய கறுப்புக் கற்கள், உடம்பெல்லாம் ஓட்டை. மச்சான் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கை தானாக மீசைக்குப் போனது.

"எரிமலைக் கல்லேதான் மாப்ளே. மீசைய விடுங்க, பிஞ்சுறப் போவுது."

இறங்கும்போது என் கால்கள் தரையிலேயே இல்லை. கையில் சாட்சிக்கு ஒரு கல். மச்சான் வேகமாக முன்னே போய்விட்டார். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா என்னை நிறுத்தினார்.

"அத எதுக்குய்யா தூக்கிட்டுப் போறீய? சூளையில வெந்து உருகிப்போன செங்கல்லுல்லா! மேல கோயிலு கட்டப்போறோம்னு பாதை போட லோடு லோடா கொட்டுனாவ."

"அந்தப் பள்ளம்?"

"கல்லு ஒடைச்ச பள்ளம்."

மச்சான் காதில் விழவில்லை. உயிர் திரும்பி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கால் கிலோ பால்கோவாவை நின்றபடியே தின்றோம்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், மேலே நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். பால்கோவாவை இறங்கிய பிறகு வாங்குங்கள். பந்தியில் வாயைச் சாப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

மச்சானை ஏமாற்றிய கதையை வீட்டில் சொன்னேன். மனைவி கல்லை வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணனையா? அவிய தேவதானத்துச் செங்கச் சூளையில மேஸ்திரியாச் சேந்து ஒரு மாசம் ஆவுதே."