இடமாகச் சுற்றியவன்

நான் பந்தாட்டத்துக்குத் தயாரானது மலையைச் சுற்றித்தான். திருவண்ணாமலையில் ஓடுவதற்கு வேறு இடம் இல்லாமல் இல்லை. மலையைச் சுற்றி ஓடினால் உடம்புக்கு உடம்பும் ஆச்சு, புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு என்று ஒரு கஞ்சக் கணக்கு. வெறுங்கால். அதுவும் வலமாகத்தான், மலை எப்போதும் என் வலக்கைப் பக்கம். வருஷக்கணக்கில் இப்படி ஓடியதில் என் உடம்பு செக்குமாடாகிவிட்டது. பந்து காலுக்கு வந்தால் வலப்பக்கம் மட்டும்தான் திரும்பும். எங்கள் ஊர் மைதானத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. அவர்களும் அதே மலையைச் சுற்றியவர்கள்தானே.

ஐம்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு மில் என்னைச் சென்டர் பார்வர்டாக எடுத்துக்கொண்டது. காலையில் நூல் பிரிவில் வேலை, சாயங்காலம் பந்து. ஒழுங்காக கோல் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்கு பஸ். அந்தச் சமயம் பார்த்து, மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா வழுக்கி விழுந்து, முதுகு போய், படுக்கையில் கிடந்தார். அன்றுமுதல் வீட்டில் அடுப்பு என் காலை நம்பித்தான் எரிந்தது.

முதல் வருஷம் கோலாகக் கொட்டியது. இரண்டாம் வருஷம் எதிரணியில் கோலுக்கு முன்னால் மறித்து நிற்கும் புல்பேக் ஒருவர் என் குட்டைக் கண்டுபிடித்துவிட்டார். தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்: "டேய், சாமி வலமாத்தான் வரும். அந்தப் பக்கம் நின்னு கும்புடுங்கடா!"

அதன்பின் எனக்குப் பந்து வந்தாலே கூட்டம் "அரோகரா!" போட்டது. நானும் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டேன். கோல்தான் விழவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். வெளியூர்க்காரர், எங்கள் மலையைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.

"லீவு தரேன். ஊருக்குப் போய் அதே மலையை ரிவர்ஸ்ல சுத்து. இடது பக்கம் திரும்பத் தெரியலன்னா அடுத்த சீசன்ல நீ இங்க இல்ல."

வீட்டில் சொன்னேன். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இடமாச் சுத்தறது பொணத்துக்குடா. உள்ள ஒரு மனுஷன் எழுந்திரிக்க முடியாம கெடக்கறாரு, நீ போய் மலையத் திருப்பிச் சுத்தறேன்ற?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சுத்திட்டு வரட்டும் வுடு. வேல போச்சுன்னா மட்டும் நான் என்ன எழுந்து டான்ஸா ஆடப்போறேன்?"

மறுநாள் ஓடினேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு பெண் குழந்தையின் முகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். என்னை அத்தனை வருஷமும் வலமாகவே பார்த்த அடி அண்ணாமலை டீக்கடைக்காரர், பாய்லரை விட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னடா இப்படி வர? யாரு... அப்பாவா?"

எனக்கு மூச்சு வாங்கியது. ஒன்றுமில்லை என்பதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு ஓடினேன். டாக்டர் எப்போது கையை விரிப்பார் என்பது தலையில் மூளை உள்ளவனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு இருந்த கொஞ்சமும் காலில்தான்.

டீக்கடைக்காரர் மண்டிக்குச் சைக்கிளை மிதித்தார். செங்கம் ரோடு வழியாக நான் வீடு வந்து சேர்வதற்குள் மண்டி ஆட்கள் மாலையோடு வாசலில் நின்றார்கள். ஒருவர் பாடைக்கு மூங்கிலே சொல்லிவிட்டாராம். அப்பா படுத்தபடியே எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"வந்ததே வந்தீங்க, மாலைய அந்த ஆணியில மாட்டுங்க. வாடறதுக்குள்ள பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ஜாஸ்தியாகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

லீவு முழுக்க அப்படியே ஓடினேன். காலையில் அப்பாதான் குரல் கொடுத்து எழுப்புவார். லீவு முடியும் தறுவாயில் ஒருநாள் குரல் வரவில்லை. அதே ஆட்கள் மறுபடி வந்தார்கள். மாலையை எங்கே மாட்டுவது என்று சொல்ல இந்தத் தடவை ஆள் இல்லை. படுத்தே கிடந்ததில் முதுகில் வந்த புண் உடம்பெல்லாம் விஷமேற்றிவிட்டது என்றார் டாக்டர். அம்மாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. தோளில் பானையோடு அப்பாவை இடமாகச் சுற்றினேன். கால் தடுமாறவே இல்லை. நல்ல பயிற்சி.

சீசனின் முதல் ஆட்டத்தில் அதே புல்பேக் என் வலப்பக்கம் வந்து நின்றார். பந்து வந்தது. கூட்டம் அரோகரா போட்டது. இடப்பக்கம் திரும்பினேன். அங்கே ஈ காக்கை இல்லை. கோல்கீப்பர் என்னையே நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது.

சறுக்கி விழுந்திருந்த புல்பேக் மண்ணைத் துப்பிக்கொண்டு கேட்டார். "எங்க கத்துக்கினப்பா இத?"

"லீவுலண்ணே."

வேலை நிரந்தரமானது. ஊருக்குப் போய்ச் சொன்னேன். அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டாள். பாதி சாப்பாட்டில் கேட்டாள்.

"கோல் போட்டியே, எந்தப் பக்கம் திரும்பிப் போட்ட?"

"வலப்பக்கம்தாம்மா."

"ம்" என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அறுபதுகளில் முழங்கால் போகும்வரை அந்த மில்லுக்கு ஆடினேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அதே கேள்வி, அதே பதில், அதே ரசம். அப்பா போன பிறகு என்னோடு உட்கார்ந்து அவள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.